வீட்டு நாஸுக்கு எந்த எஸ்எஸ்டி: ஈவோவா, க்யூவோவா, என்விஎம்இ-யா?

கோலாலம்பூர் (கேஎல்) லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் ஒரு சுற்று வந்தால், கண்ணில் படுவதெல்லாம் நொடிக்கு 7,000 எம்பி என்று பெரிதாக அச்சடித்த என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி வகை) பெட்டிகள்தான். வீட்டு நாஸுக்கு (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க் போர்ட்டை. ஒரு கிகாபிட் என்றால் நொடிக்கு 110 எம்பி சொச்சம், 2.5 கிகாபிட் என்றால் 280 எம்பி. சாதாரண சாட்டா (பழைய இணைப்பு வகை) எஸ்எஸ்டியே 550 எம்பி தரும். மீதி வேகம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

அப்படியானால் எஸ்எஸ்டி எதற்கு? பெரிய படக் கோப்பை அனுப்ப ஹார்ட் டிஸ்க்கே போதும். அது திணறுவது சின்னச் சின்னக் கோப்புகளில்: போட்டோ தம்ப்நெயில், டாக்கரில் (நாஸிலேயே செயலிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் செயலிகள், டேட்டாபேஸ். அங்கே எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

சாட்டாவில் சாம்சங் 870 ஈவோவும் 870 க்யூவோவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 1 டிபி ஈவோ டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட்) வகை. 600 டெராபைட் எழுதத் தாங்கும், 5 வருட வாரண்டி. க்யூவோ க்யூஎல்சி (ஒரு செல்லில் 4 பிட்) வகை. 360 டெராபைட், 3 வருடம். பெரிய வேறுபாடு இதுவல்ல. 1 டிபி க்யூவோ 42 ஜிபி வரைதான் வேகமாக எழுதும், பிறகு 80 எம்பிக்கு இறங்கிவிடும். கல்யாண வீடியோ முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றினால் ஹார்ட் டிஸ்க்கே முந்திவிடும். படிப்பதற்கு மட்டும் என்றால் சரி, கேஷுக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் வேகமான இடம்) வேண்டவே வேண்டாம்.

நாஸில் எம்.2 ஸ்லாட் (என்விஎம்இ செருகும் இடம்) இருந்தால் நான் டபிள்யூடி ரெட் எஸ்என்700 எடுப்பேன். வேகத்தில் சாம்சங் 990 ப்ரோவின் பாதிகூட இல்லை. ஆனால் 1 டிபிக்கு 2,000 டெராபைட் தாங்கும், 990 ப்ரோவுக்கு 600தான். ஏர்கான் போடாத அறை என்றால் ஹீட்சிங்க்கும் சேர்த்து வாங்குங்கள். சில பழைய சினாலஜி நாஸ் மாடல்கள் எம்.2-வை கேஷாக மட்டுமே ஏற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய என்டர்பிரைஸ் டிரைவ்கள் தனி ரகம். கரண்ட் போனாலும் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்க உள்ளே கெபாசிட்டர் இருக்கும். சாயங்கால இடிமழைக்கு மெயின் சுவிட்ச் டிரிப் ஆகும் கேஎல் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளில் எஸ்லாக் (எழுத வரும் தரவை முதலில் பதிக்கும் தனி டிரைவ்) வைப்பவர்கள் இதைத்தான் தேட வேண்டும். வாங்குமுன் ஸ்மார்ட் தகவலில் (டிரைவ் தன் நிலையைத் தானே பதியும் குறிப்பு) எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

ரீட் கேஷுக்கு ஒரு டிரைவ் போதும். ரைட் கேஷுக்கு மிரர் செய்த (ஒரே தரவை இரண்டிலும் எழுதும்) இரண்டு வேண்டும், கூடவே யுபிஎஸ்சும். இரண்டு டிரைவ் இருந்தாலும் கரண்ட் போவது இரண்டுக்கும்தானே. நாலு பே (டிரைவ் செருகும் இடம்) உள்ள பெட்டி என்றால் கேஷையே விட்டுவிட்டு, இரண்டு ஈவோவை மிரர் செய்து தனி வால்யூமாக்கி, டாக்கரையும் போட்டோவையும் அதில் வைப்பேன். இரண்டே பே என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கே இடம் பற்றாது, எம்.2 பக்கம் போக வேண்டியதுதான்.