மரத் தரைக்கு ஃபெல்ட் பேட் போதும், மிச்சக் கவலை வேண்டாம்

நாற்காலிக் காலுக்கு அடியில் வைக்கிற ஃபெல்ட் பேட், அதாவது கம்பளி மாதிரி மெத்தென்ற துண்டு, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மரத் தரை இருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள். கூடவே கடையில் நம் தலையில் கட்டப் பார்க்கும் ஷீட், ரப்பர் பாய், பளபளப்பு பாலிஷ் எதையும் தொடாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் அண்ணன் வீட்டு மாடி ஹாலுக்குத் தேக்குப் பலகை போட்டு சில கோடையும் மழையும் தாண்டியாகிவிட்டது. நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், அந்தத் தரையைக் காப்பாற்ற வந்த சாமான்கள் எல்லாம் என் கண் முன்னால் வந்தவை, பாதி குப்பைக்குப் போனதையும் பார்த்தேன்.

நம் பக்கம் மரத் தரை அபூர்வம். சிவப்பு சிமெண்ட், கடப்பா கல், மொசைக், இப்போது டைல்ஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை என்றால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டே பழக்கம். பெரிய செலவு செய்து மரம் போட்டதும் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது, அண்ணிக்கும் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் மாடியில் ஓடக் கூடாது, சோபாவை நகர்த்தக் கூடாது, வந்தவர்களை உட்காரச் சொல்லும்போதே நாற்காலியைத் தூக்கிப் போடச் சொல்லுவார். அம்மா கைத்தடி ஊன்றி மேலே வந்தால் பின்னாலேயே போய்க் குனிந்து தரையைப் பார்ப்பார். "நான் கீழேயே இருந்துக்கறேன்மா, நீ வேலையைப் பாரு" என்று அம்மா சொல்லிவிட்டு மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு தரைக்காக இப்படி ஆகக் கூடாது என்றுதான் எனக்கு மனசு கேட்கவில்லை, எது உண்மையிலேயே மரத்தைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சரி, பேட் விஷயத்துக்கு வருகிறேன். லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று, பின்னால் பசை தடவிய வட்டத் துண்டு. விலை குறைவு, எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், ஆனால் வேலூர் வெயிலுக்கு இது சரிப்படாது. கத்திரியில் 40 டிகிரி தாண்டும்போது பசை இளகி, நாற்காலியை இழுக்க இழுக்கத் துண்டு ஒரு பக்கமாக நகர்ந்து, கால் வெளியே வந்துவிடும். பசை தரையில் கோடாக ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்துக் கறுப்பாகும். அலமாரி, கட்டில் மாதிரி நகராத சாமானுக்கு இது தாராளமாகப் போதும், காலின் அடியை நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டினால் வருஷக்கணக்கில் நிற்கும். இரண்டாவது, நடுவில் ஆணி உள்ளது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி தினமும் இழுபடுகிற மர நாற்காலிகளுக்கு இதுதான் என் தேர்வு. துளை போடாமல் அடித்தால் கால் பிளக்கும், மெல்லிசாக ஒரு துளை போட்டுவிட்டு அடியுங்கள். ஆணியின் தலை ஃபெல்ட்டுக்குள் நன்றாக அமுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஃபெல்ட் தேய்ந்துபோனால் அந்த ஆணித் தலையே தரையைக் கிழித்துவிடும். மூன்றாவது, அடியில் ஃபெல்ட் வைத்த சிலிக்கான் தொப்பி, இரும்புக் குழாய்க் கால் நாற்காலிக்குச் சரியாக இருக்கிறது, அளவு மட்டும் இறுக்கமாக வேண்டும்.

எந்த வகையானாலும் அவ்வப்போது கவிழ்த்துப் பாருங்கள். நான் சென்ற மாதம் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தபோது பேட்டில் தலைமுடி சுருண்டிருந்தது, அதற்கு நடுவே பொடி மணல் வெளிச்சத்தில் மின்னியது. பக்கத்து மனையில் கட்டுமான வேலை, காற்றடித்தால் மணல் மாடி வரைக்கும் வருகிறது. ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அது கண்ணாடியையே கீறக்கூடியது, தரை மேல் பூசிய பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் எம்மாத்திரம். மணல் ஏறிய பேட் உப்புத்தாள் மாதிரிதான், அதைப் போட்டு இழுப்பதற்குப் போடாமலே இருக்கலாம். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் மணல் போய்விடும், தட்டையாக அமுங்கிக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு தென்னை நார் மிதியடி போட்டது எந்த பாலிஷையும்விட அதிகமாகத் தரையைக் காப்பாற்றியிருக்கிறது.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில் முதலிடம் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு. மரம் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கும். மேலே ஷீட் போட்டு மூடினால் ஈரம் அடியிலேயே நின்றுவிடும். அடியில் ரப்பர் வைத்த பாயும் அப்படித்தான், அதிலிருக்கும் ரசாயனம் கோட்டிங்கோடு சேர்ந்து மஞ்சள் கறை விழும், அது துடைத்தால் போகாது. அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் போட்ட பாயை எடுத்தபோது அதன் வடிவமே தரையில் பதிந்திருந்தது. இதற்குப் பதிலாக நாற்காலியின் கெட்டி நைலான் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிருதுவான பாலியூரித்தேன் சக்கரம் மாட்டினோம், பாய்க்கு வேலையே இல்லாமல் போனது.

கோடையில் பலகைக்குப் பலகை மெல்லிய இடைவெளி தெரிந்ததும் வீட்டில் பெரிய கலவரம். வந்து பார்த்த ஒருவர் உடனே புட்டி வைத்து அடைக்கச் சொன்னார், நல்லவேளை அண்ணன் காத்திருந்தார். மழை வந்ததும் பலகை உப்பித் தானாகவே நெருங்கிக்கொண்டது. கோடையில் அடைத்திருந்தால் மழையில் புட்டி பிதுங்கி வெளியே வந்திருக்கும். சுவர் ஓரத்தில் பலகைக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் விட்டு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைப்பதும் இந்த உப்பலுக்காகத்தான்.

கீறலுக்கு இவ்வளவு பயம் தேவையே இல்லை. கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டவில்லை என்றால் அது கோட்டிங்கோடு நின்றுவிட்டது, மரத்தைத் தொடவில்லை. ஆழமாகவே இருந்தாலும் 18 மில்லிமீட்டர் கெட்டிப் பலகையை இழைத்து மறுபடி கோட்டிங் கொடுக்கலாம், அதுவும் பல தடவை. எஞ்சினியர்டு வுட் (பிளைவுட் மாதிரி அடிப்பலகை மேல் நிஜ மரம் ஒட்டியது) என்றால் மேலே உள்ள நிஜ மரப் படலத்தின் கனத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு தடவை, மிக மெல்லிசாக இருந்தால் அதுவும் முடியாது. லேமினேட்டை இழைக்கவே முடியாது, அது மரம் மாதிரி அச்சடித்த தாள், ஆகவே அது வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள்.

கவலைப்படத்தான் வேண்டும் என்றால் தண்ணீருக்கும் கரையானுக்கும் கவலைப்படுங்கள். பாத்ரூம் ஓரமாக ஒரு பலகை கறுக்கிறதா, மொட்டை மாடி ஒழுகுகிறதா, ஏசி தண்ணீர் குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தைக் கரையான் லேசில் தொடாது, வெளிறிய ஓரப் பகுதியையும் அடியில் உள்ள மட்டமான பிளைவுட்டையும் தின்றுவிடும். துடைக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும், கடைசியில் காய்ந்த துணியால் ஒரு முறை ஓட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் அண்ணியிடம் உட்கார்ந்து பேசினேன், அவரே நகத்தை ஓட்டிப் பார்த்தார். அம்மா இப்போது சாயந்திரம் மாடிக்கு வருகிறார். அவருடைய கைத்தடிக்கும் ஃபெல்ட் ஒட்டலாமா என்று அண்ணன் கேட்டார், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், வழுக்கிவிடும். ரப்பர் நுனியை ஈரத் துணியால் துடைத்து, தேய்ந்தால் புதிதாக மாற்றினால் போதும், தரையில் கறுப்புத் தடம் விழுந்தாலும் துடைத்தால் போய்விடுகிறது.

பேட் வாங்கப் போகும்போது காலின் குறுக்களவை அளந்துகொண்டு போங்கள், காலைவிடப் பெரிய வட்டம் வாங்கினால் ஓரம் மடங்கிப் பிய்ந்துவிடும். ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள், ஒரு கால் மட்டும் தேய்ந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றாவிட்டால் நாற்காலி ஆடும்.