நிக்கலா, டோலமைட்டா, ஆலிவினா: கலப்புக் கழிவுக்கு எது தாங்கும்?

உமி, வைக்கோல், தென்னை மட்டை, கருவேல விறகு என்று கிடைத்ததையெல்லாம் ஒரே கேசிஃபையரில் (கழிவை எரிவாயுவாக்கும் உலையில்) போட்டு வாயு எடுக்க நினைத்தால் முதல் தலைவலி தார் என்ற பிசுபிசுப்பான கரிமக் கலவைதான். வாயு சூடாக இருக்கும்வரை அது கண்ணில் படாது. குழாயில் ஆறியதும் கருப்புப் பாகாக வால்வில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குப் போகும் வாயுவில் கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் தார் இருக்க வேண்டும் என்பார்கள். பாய்மப் படுகை உலையிலிருந்து (அடியிலிருந்து ஊதும் வாயுவில் மணல் போன்ற மணிகள் குமுறும் உலை) வருவதிலோ கிராம் கணக்கில் இருக்கும். தாரை உடைக்கும் வினையூக்கி தேவைப்படுவது இங்கேதான். போட்டியில் இருப்பவை மூன்று: நிக்கல் என்ற உலோகம், டோலமைட் என்ற சுண்ணாம்பு-மக்னீசியக் கல், ஆலிவின் என்ற இரும்பு-மக்னீசியச் சிலிகேட் கனிமம்.

தாரை உடைக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் நிக்கலுக்கு மற்ற இரண்டும் ஈடில்லை. நீராவியோடு சேர்த்துத் தாரை ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாற்றிவிடும், மீத்தேனையும் விடாது. ஆனால் தார் மிகுந்த வாயுவை நேராக அதன் மேல் விட்டால் கரி படிந்து சீக்கிரமே செயலிழக்கும். கந்தகமும் அதற்கு நஞ்சு. வைக்கோலும் இலையும் கலந்தால் வெறும் விறகைவிடக் கந்தகம், குளோரின் இரண்டும் கூடும். நிக்கல் தூள் கலந்த சாம்பலை வயலிலும் கொட்ட முடியாது.

டோலமைட் மலிவு. சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அப்புறம்தான் வேலை செய்யும். ஆனால் சுட்ட கல்லை விரலிடுக்கில் வைத்து அழுத்தினாலே மாவாகும். குமுறும் படுகைக்குள் போட்டால் தூளாகி வாயுவோடு பறந்து வடிகட்டியை அடைக்கும். உலைக்கு வெளியே தனிக் கோபுரத்தில் அசையாமல் நிரப்பி வைத்தால் நன்றாக உழைக்கும்.

என் ஓட்டு ஆலிவினுக்கு. ஆஸ்திரியாவின் கியூசிங் ஊரில் 2000-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய 8 மெகாவாட் நீராவி வாயுவாக்க ஆலையில் படுகையை நிரப்பிய பொருள் அதுவாகத்தான் இருந்தது. புது ஆலிவின் சுமார்தான். ஓட ஓட, மரச்சாம்பலின் கால்சியம் ஒவ்வொரு ஆலிவின் மணியின் மேலும் மெல்லிய தோலாகப் படிந்தது, தார் குறைந்தது. பழகப் பழகத் தேறும் வினையூக்கி! சுவீடனின் கோத்தன்பர்க்கில் இருந்த 20 மெகாவாட் ஆலையில் பொட்டாசியம் கார்பனேட் சேர்த்தே ஆலிவினைத் தூண்டினார்கள்.

சரி, இதை அப்படியே நம் கலவைக்குக் கொண்டுவரலாமா? அங்கே எரிந்தது மரம். நம்மிடம் உமி இருக்கிறது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோலின் பொட்டாசியம் அதோடு சேர்ந்தால் 800 டிகிரிக்குள்ளேயே உருகிக் கண்ணாடியாகி, படுகை மணிகளைக் கட்டி கட்டியாக ஒட்டிவிடும். ஊக்குவித்த அதே பொட்டாசியம் இங்கே படுகையையே நிறுத்திவிடும். அதனால் உமியின் பங்கைக் குறைவாக வைத்து, கால்சியத்துக்காகக் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூவ வேண்டும்.

ஆகவே உள்ளே ஆலிவின், வெளியே டோலமைட் கோபுரம். ஆலிவினுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை: சேலத்தில் மேக்னசைட்டோடு கிடைக்கும் டூனைட் பாறை பெரும்பாலும் ஆலிவின்தான். மின்சாரம் மட்டும் போதுமென்றால் இதோடு நிறுத்தலாம். ஹைட்ரஜன் வேண்டுமென்றால்தான் டோலமைட்டுக்குப் பின்னால், கந்தகத்தையும் அகற்றிய பிறகு, நிக்கலை வையுங்கள்.