பள்ளி விடுமுறையில் ஐஸ் விற்பதா, மோட்டார் கழுவுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் காசு பார்க்க இரண்டு வழிகள் கைக்கெட்டும். ஒன்று, நீள பிளாஸ்டிக் பையில் ரோஸ் சிரப் ஊற்றி உறையவைக்கும் ‘ஐஸ்கிரீம் மலேசியா’. இன்னொன்று, மோட்டார் சைக்கிள் கழுவுவது.

மோட்டார் கழுவ முதலீடு பெரிதாக வேண்டாம். சவர்க்காரம், பஞ்சு, தண்ணீர் போதும். செம்பனைக் காட்டுச் சேறு அப்பிய வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கை ஓய்ந்தால் வரவும் ஓய்ந்துவிடும்.

ஐஸ் அப்படியில்லை. அம்மாவிடம் 12 வெள்ளி (ரிங்கிட்) கடன் வாங்கி 40 ஐஸ் செய்து, ஒன்று 50 காசுக்கு விற்றால் 20 வெள்ளி வரும். கடனை அடைத்தபின் மிஞ்சுவது 8 வெள்ளிதான். இந்தக் கழித்தலைப் பிள்ளையே நோட்டில் எழுத வேண்டும். கூட்டாளி கடன் சொல்லி வாங்கியது, தம்பி தின்றது எல்லாம் கணக்கில் வரும். மழை நாளில் விற்காது. சரக்கு தேங்குவது என்றால் என்னவென்று அப்போது புரியும். அப்புறம், ஐஸ் பெட்டிக்கான மின்சாரச் செலவையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

10 வயதுப் பிள்ளைக்கு நான் ஐஸைத்தான் சொல்வேன். 14 வயது என்றால் சரி, மோட்டார் கழுவட்டும். தெரிந்த அண்ணன்மாரிடம் கூச்சப்படாமல் கூலி பேச அந்த வயதில்தான் வாய் வரும்.