38,500 ரூபாய் போச்சு: பழைய காருக்கு புஷ் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம் எங்கள் பழைய ஹெரால்ட் காரின் முன் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கிற கீழ் ஆர்மில் இருந்த புஷ்ஷை, அதாவது மூட்டில் அதிர்ச்சி தாங்குகிற ரப்பர் உருளையை, வெளியே எடுத்து என் கையில் வைத்தார் மார்த்தாண்டம் பக்கத்து மெக்கானிக் அண்ணன். போட்டு சில வாரம்தான் ஆகிறது. நடுவில் இருக்கிற இரும்புக் குழாய் தனியாக, ரப்பர் தனியாக வந்தது. விரலால் தேய்த்தால் அடுப்புக் கரி மாதிரி ஒட்டியது. இதற்குத்தான் 38,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அந்த ஒர்க்‌ஷாப்பில் இன்னொருவர் போய் மாட்டுவார்.

வண்டி 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்ட், ரெண்டு கதவு. இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் இங்கே செய்தார்கள், சென்னையிலேயே தயாரான வண்டி. அந்த ட்ரயம்ப் கம்பெனி 1962ல் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தபோது, இதே ஹெரால்டின் சேஸிஸைத்தான் நீளம் குறைத்துப் பயன்படுத்தினார்கள். முன்பக்க அமைப்பு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்காக வெளிநாட்டில் இன்றும் செய்கிற புஷ் நமக்கும் உதவும். முன்பக்கத்து ஆர்ம்களுக்கு மட்டும் எட்டு புஷ். அப்பா 1989ல் இந்த வண்டியைப் பழசாக வாங்கினார். குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது. ஷீட் அடிக்கிற ரோலர் ஒரு பக்கம், ஹெரால்ட் மறுபக்கம், ஒரே கூரைக்குக் கீழேதான் முப்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

போன வருஷமே பிரேக் பிடித்தால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி இடது பக்கம் இழுத்தது, டயரின் உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்தது. புஷ் செத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. செய்ய ஆள்தான் வேண்டும்.

வீடியோ பார்த்துத்தான் அந்த ஒர்க்‌ஷாப்பைக் கண்டுபிடித்தேன். பழைய கார்களை மட்டும் பார்க்கிற இடம், திருவனந்தபுரம் போகிற நெடுஞ்சாலைக்குப் பக்கம். பெயர் எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பெயரைப் போட்டு அவர்களுக்கு ஒரு பிடி கொடுக்க விருப்பம் இல்லை.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். முதலாளி பானெட்டை முன்னால் கவிழ்த்தார் (ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் பெட்டி மூடி மாதிரி திறக்கும்). முன் டயர் மேல் கையை ஊன்றிக் குனிந்து பார்த்துவிட்டு, முதல் வார்த்தையே இப்படிச் சொன்னார்: "ட்ரன்னியனுக்கு யாரோ கிரீஸ் அடிச்சிருக்காங்களே சார், இதுக்கு கியர் ஆயில்தான ஊத்தணும்?"

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியும். சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டுக்குப் பெயர் ட்ரன்னியன். அதில் கிரீஸ் அடித்தால் உள்ளே இறங்காமல் கட்டியாகி நிற்கும், மரை காய்ந்து தேயும், ஒரு நாள் ஒடிந்து சக்கரமே மடங்கிவிடும். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் சரி. பத்து வருஷமாக நான் போன ஒர்க்‌ஷாப்புகளில் ஒருவர்கூட இதை அவராகச் சொன்னதில்லை. இவர் சொன்னார். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை) புஷ் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், அது விறைப்பா இருக்கும். நம்ம குழி ரோட்டுக்கு ரப்பர்தான் சுகம், இங்கிலாந்து ஐட்டமே வரவழைக்கிறேன்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான். பழைய புஷ் ஒன்றை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்க, உங்க அப்பா எத்தனை வருஷம் இதுல ஓட்டியிருக்காரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கணக்கு: எட்டு புஷ், ஒன்று 3,000 வீதம் 24,000. கூலி 11,500. வீல் அலைன்மெண்ட் 3,000. மொத்தம் 38,500. முன்பணம் 20,000 போனில் அனுப்பினேன். திரையில் வேறு யாரோ பெயர் வந்தது. கேட்டதற்கு, "மச்சான் நம்பர் சார்" என்றார். மீதி 18,500 வண்டி எடுக்கும்போது ரொக்கம். பில் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார், சீல் இல்லை, கையெழுத்து இல்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மழைக்கு முன்னால் அப்பா ஷீட் விற்று வைத்திருந்த காசு அது. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு பாதி நாள் கிடையாது, அந்தக் காசில்தான் வீடு ஓட வேண்டும். "வண்டிய முதல்ல பாரு மக்கா" என்று அவரே எடுத்துத் தந்தார்.

முதல் வாரம் சத்தம் இல்லை. ரெண்டாம் வாரம் பழைய 'டக்' திரும்பி வந்தது. மூன்றாம் வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு போய்த் திரும்பும்போது, ஒரு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் போனது. ரோட்டோரத்துச் சகதியில் இறங்கி நின்றது. எதிரே பஸ் வரவில்லை. அப்பாவுக்கு 71 வயது. டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இதை நான் மறக்கப் போவதில்லை.

அன்றைக்கே போன் செய்தேன். "புது ரப்பர் சார், செட் ஆக ஒரு மாசம் ஆகும்." மறுநாள்: "மழையில குழி தெரியாம இறக்கியிருப்பீங்க." அடுத்த நாள்: "சப்ளையர்கிட்ட பேசிட்டு நானே கூப்பிடுறேன்." கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ஒரு பையன் எடுத்து, "முதலாளி திருவனந்தபுரம் போயிருக்காரு" என்றான். பின்னால் முதலாளியின் குரலே கேட்கிறது! இங்கிலாந்திலிருந்து வந்த பெட்டியின் படமாவது அனுப்புங்கள் என்று எழுதினேன். ரெண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. பழைய புஷ்களைத் திருப்பித் தாருங்கள் என்றேன், "அதெல்லாம் குப்பைக்குப் போயாச்சு". அவர் வீடியோவுக்குக் கீழே மரியாதையாகத்தான் ஒரு வரி எழுதினேன், பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். நேரில் போனேன். ஒரு வாடிக்கையாளர் அங்கே நின்றார். அவர் முன்னால் என் தோளில் கை போட்டு, "சார் நம்ம வீட்டு ஆள் மாதிரி, அடுத்த வாரம் வண்டிய விடுங்க, ஃப்ரீயா பாத்துத் தரேன்" என்றார். அடுத்த வாரம் என் நம்பரை பிளாக் செய்திருந்தார்.

அதன் பிறகுதான் மார்த்தாண்டம் அண்ணனிடம் போனேன். ஜீப்பும் அம்பாசடரும் பார்க்கிறவர், வீடியோ கீடியோ எதுவும் கிடையாது. வண்டி தரையில் நிற்கும்போதே படுத்து ஒரு ஆர்மின் நட்டைத் தளர்த்தினார். உள்ளே ஏதோ 'டப்' என்று திரும்பியது. "ஜாக்கில தொங்கவிட்டே முறுக்கியிருக்கான் தம்பி" என்றார்.

இதை விளங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி புஷ்ஷில் நடுவில் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர் ஒட்டி வேகவைத்திருக்கும். போல்ட்டை முறுக்கினால் அந்தக் குழாய் சேஸிஸ் பக்கம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுத்து வாங்கும். அதனால் வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கிவிட்டு, வண்டி இயல்பாக நிற்கிற உயரத்தில்தான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் முறுகியே கிடக்கும். நல்ல ரப்பரே சீக்கிரம் கிழியும், இது எம்மாத்திரம்? புஷ்ஷை அழுத்தி ஏற்றுகிற பிரஸ் மெஷினில் வைத்து ஏற்றவும் இல்லை, ஆர்மில் புஷ் உட்காருகிற ஓட்டையைச் சுற்றிச் சுத்தியல் அடி. ஏறுவதற்கு ஏதோ வண்டியில் ஓடின பழைய ஆயிலைத் தடவியிருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறி உப்பிவிடும், பால் வெட்டுகிற எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அலைன்மெண்ட்? சக்கரத்தின் கோணத்தைத் திருத்த டை ராட் என்கிற கம்பியின் நட்டைத்தான் தளர்த்த வேண்டும், அதில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனரே படவில்லை. அதற்கு 3,000.

ராத்திரி அந்தப் புஷ்ஷை அப்பாவிடம் கொடுத்தேன். காலம் முழுக்க ரப்பரோடு இருந்தவர். முகர்ந்தார். நகத்தால் கீறினார். இழுத்தார், இழுபடவில்லை, பிட்டு மாதிரி உதிர்ந்தது. "பழைய டயர அரைச்சு அச்சுல ஊத்துனது மக்கா. இதுக்கு நம்ம ஒட்டுப்பாலு எவ்வளவோ தேவலாம்" என்றார் (ஒட்டுப்பால் என்பது மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து மிஞ்சுகிற மட்ட ரப்பர்). ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தி லாரியில் ஏற்றி அனுப்புகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, அரைத்த டயரை இங்கிலாந்து சரக்கு என்று 24,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். அதை அப்பா கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டி வந்ததே.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மணி ஒன்றரை. இவ்வளவுதான் முடிகிறது. புஷ்ஷை வண்டியில் ஏற்றும் முன் நீங்களே கையில் வாங்கிக் கீறிப் பாருங்கள், பெட்டியைப் படம் எடுங்கள். பழைய சாமானைத் திருப்பி வாங்காமல் கிளம்பாதீர்கள். கடைசி முறுக்கு தரையில் நிற்கும்போது கொடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், நிற்க விடவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அலைன்மெண்ட் செய்த தாளைக் கேளுங்கள். முறையான பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், மச்சான் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

1915க்கு, அதாவது நுகர்வோர் உதவி எண்ணுக்கு, காலையில் பேசுகிறேன். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் போடுவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போடலாம். துண்டுக் காகிதம், பணம் போன ஸ்கிரீன்ஷாட், உதிர்ந்த புஷ் எட்டும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வண்டி கட்டைமேல் ஏறி நிற்கிறது. அதே ஒர்க்‌ஷாப்பில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பில்லையும் எடுத்து வையுங்கள், சேர்ந்தே போடலாம்.