பாபிலோன் 5 விவாதம்: ஜீனியா, திறந்த குழுவா, மட்டுறுத்திய குழுவா?

1990களில் பாபிலோன் 5 என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் இணையவழியில் கூடிய இடங்களில் மூன்று முக்கியமானவை: ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜீனி என்ற கணினி இணைப்புச் சேவை, யூஸ்நெட் என்ற விவாதக் குழு வலையமைப்பின் திறந்த செய்திக்குழு, அதே யூஸ்நெட்டில் 1996இல் வந்த மட்டுறுத்திய (பதிவுகளை ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடும்) செய்திக்குழு. தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி மூன்றிலும் ரசிகர்களுக்குப் பதில் எழுதினார். அவர் தொடர்ந்து எழுத எந்த இடம் வழிவிட்டது என்பதே எங்கள் அளவுகோல்.

ஜீனி கட்டணச் சேவையாக இருந்தது. நிறுவனத்தின் பெருங்கணினிகள் மாலைக்குப் பின் சும்மா இருந்ததால் 1985இல் பிறந்தது. பகலில் நுழைந்தால் கட்டணம் எகிறியது. அதனால் பலர் அலாதீன் மென்பொருளால் புதிய பதிவுகளை மொத்தமாக இறக்கி, இணைப்பைத் துண்டித்த பிறகு படித்துப் பதில் எழுதினார்கள். பேச்சில் நிதானம் இருந்தது. ஆனால் சந்தா இல்லாதவருக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.

திறந்த குழுவில் வேகம் அதிகம், யாரும் எழுதலாம். பதிவுகள் ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் பரவுவதால், சில ஊர்களில் கேள்விக்கு முன்பே பதில் வந்து சேரும். எதற்குப் பதில் என்று இரண்டு வரியாவது மேற்கோள் காட்டாவிட்டால் ஒன்றும் புரியாது. கதைத் திருப்பங்களை மறைக்க 24 வெற்று வரிகள் விடுவார்கள். அன்றைய கணினி முனையத் திரையின் உயரம் அவ்வளவுதான். இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயங்கள் அமெரிக்காவுக்கு முன்பே பிரிட்டனில் ஒளிபரப்பானதால் இந்த எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்டது. தலைப்பு வரியிலேயே திருப்பத்தை எழுதிவிட்டால் எத்தனை வெற்று வரி விட்டும் பயனில்லை.

ஆனால் திறந்த குழுவின் பெரிய ஆபத்து கதை யோசனைகள். ரசிகர் ஒருவர் போட்ட யோசனை, 'பாஸிங் த்ரூ கெத்செமனி' அத்தியாயத்துக்கான திட்டத்தோடு ஒத்துப்போனது. திருட்டு வழக்கு வரக்கூடும் என்று அந்தக் கதை ஒதுக்கி வைக்கப்பட்டது. அந்த ரசிகர் எழுத்துமூலம் உரிமை விலக்கு தந்த பிறகே மூன்றாம் பருவத்தில் வந்தது. வேண்டாத ஆட்களைக் கில் ஃபைலில் (யாருடைய பதிவுகள் கண்ணில் படக்கூடாது என்று வாசகர் வைக்கும் பட்டியலில்) போட்டு மறைக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் நாளை எழுதப்போகும் யோசனையை அது எப்படித் தடுக்கும்?

இங்கேதான் மட்டுறுத்திய குழு மற்ற இரண்டையும் முந்துகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே பதிவு நேராகக் குழுவுக்குப் போகாது. சர்வர் அதை மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். அவர் பதிவின் முகப்புத் தகவல்களில் 'அப்ரூவ்டு' (அனுமதிக்கப்பட்டது) என்ற வரியைச் சேர்த்தால்தான் வெளியாகும். கதை யோசனையும் தனிநபர் வசையும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு விலை தாமதம்: அத்தியாயம் முடிந்த சூட்டோடு சூடாகப் பேச முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பதிவை இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து அனுப்பினால் முழுப் பதிவும் மட்டுறுத்துநரிடம் போய்விடும். அவர் விடும்வரை திறந்த குழுவிலும் தோன்றாது. அவசரமென்றால் தனித்தனியாகவே அனுப்ப வேண்டும்.