மலைநாட்டில் மொரிஸ் மைனரைத் தாழ்த்துவது: கட்டையா, கம்பியா, ஷொக்கா, ரிம்மா?

தலவாக்கலையில் என் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் நிற்கிறது. ஹட்டனில் மச்சானிடம் இன்னொன்று. இரண்டும் 1962-இல் அறிமுகமான 1098 சிசி எஞ்சின் உள்ளவை. இரண்டின் உடலையும் தரைக்குக் கிட்டவாக ஒரே ஆண்டில் தாழ்த்தினோம், ஆனால் வெவ்வேறு வழியில். மச்சான் பின்னால் இரண்டு அங்குலக் கட்டை வைத்து, 13 அங்குல ரிம் போட்டார். நான் ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக்குக்குப் போட்டேன். நிறுத்தி வைத்துப் பார்த்தால் அவருடைய காரே அழகு. நானுஓயா முடக்குகளில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வரும்போது எனக்கு என் கார்தான் வேண்டும்.

முன்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தாழ்த்தும் ஸ்பிரிங் தேடிக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறாதீர்கள். மைனரின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த இந்தக் காரில், பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட உருக்குக் கம்பி முறுகிப் பாரத்தைத் தாங்குகிறது. அதுதான் டோர்ஷன் பார். கம்பியின் பின்முனையில் உள்ள தகட்டின் துளையை மாற்றினால் உயரம் கொஞ்சம் மாறும். கம்பி முனையின் பல்வெட்டில் ஒரு பல் தள்ளிப் பூட்டினால் அதிகமாக மாறும். பணம் கொடுத்து வாங்க எதுவுமில்லை, கூலி மட்டும்தான். கழற்றுமுன் இடது எது, வலது எது என்று பெயின்டால் குறித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் போட்டால் உடைந்துபோகலாம்.

இதற்குப் போட்டி, தடித்த டோர்ஷன் பார். கார் முடக்கில் சாய்வது குறையும், உண்மைதான். 1934-இலிருந்து நுவரெலியாவில் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்ற ஒன்றில் ஓடுபவருக்கு அது பொருந்தும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவருக்கு, பழைய கம்பியைச் சரியான உயரத்தில் பூட்டினாலே போதும்.

ஆனால் கம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு ஸ்குரூ டிரைவரோடு காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டோர்ஷன் பாரின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டமும், பின் ஸ்பிரிங் தொங்கும் இடமும் மைனரில் துருவுக்குப் பேர்போனவை. நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். என் காரில் வலப்பக்கம் வெளியே பளபளவென்று பெயின்ட் இருந்தது. நுனியை வைத்து அழுத்தியதும், நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் உள்ளே போனது. வெல்டிங்கே முதல் செலவாயிற்று. அந்த நிலையில் தாழ்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பின்பக்கத்துக்கு மூன்று வழிகள். ஒன்று, தகட்டு ஸ்பிரிங்குக்கும் பின்சக்கரங்களைத் தாங்கும் அக்சிலுக்கும் இடையில் கட்டை வைப்பது. மலிவு, ஒரு பகலில் முடியும், வேண்டாமென்றால் கழற்றலாம். இரண்டு, ஒரு தகட்டை உருவிவிடுவது. கராஜில் இதைத்தான் முதலில் சொல்வார்கள், தயவுசெய்து இணங்காதீர்கள். ஸ்பிரிங்கின் பலமே குறைந்துவிடும். ஏற்றத்தில் நிறுத்தி முதல் கியரில் எடுக்கும்போது பலமிழந்த ஸ்பிரிங் வளைந்து நெளிய, பின்பக்கம் உதறும். மூன்று, தகடுகளின் வளைவைக் குறைத்து மறுபடி அமைப்பது. செய்பவர் சூடேற்றிப் பதப்படுத்தத் தெரிந்தவராக இருந்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது. அப்படிப்பட்டவர் பக்கத்தில் இல்லாததால் நான் ஒரு அங்குலக் கட்டையையே வைத்தேன்.

இரண்டு அங்குலம் ஏன் வேண்டாம் என்பதைத் தோட்டத்துப் பாதையில் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேரோடு, ஒரே குறுக்குக் கானை இரண்டு கார்களிலும் கடந்தோம். என் கார் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது. மச்சானின் காரில் அக்சில் போய் ரப்பர் தடையில் இடித்தது. பின் இருக்கையில் இருந்த அத்தை "ஐயோ, இடுப்பு!" என்று கத்தினார். இடுப்பு வலியோடு போனால் பரவாயில்லை. ஈரமான முடக்கின் நடுவில் அப்படி இடித்தால், அந்தக் கணத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, வால் வழுக்கிவிடும்.

இனி ஷொக். என் மனதில் முழு அலசலின் மையமும் இதுதான். மைனருக்கு வந்தது எண்ணெய் நிரம்பிய லீவர் ஷொக். கைபோன்ற தண்டு ஆடும்போது உள்ளே எண்ணெய் நெருக்கப்பட்டு ஆட்டத்தை அடக்கும். தண்டின் அடியில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அது களைத்துவிட்டது என்று அர்த்தம். இணைப்பைக் கழற்றிக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். நடுவில் எங்காவது வெறுமையாக நழுவினால் சீலும் எண்ணெயும் மாற்ற வேண்டும். நன்றாகச் சீரமைத்த லீவர் ஷொக் மோசமானதல்ல. ஆனால் புசல்லாவையிலிருந்து நுவரெலியா வரை குண்டும் முடக்கும் விடாமல் வரும்போது, உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெய் சூடேறி இளகிவிடுகிறது.

அதற்குப் போட்டி, குழாய்க்குள் தண்டு நீண்டு சுருங்கும் டெலஸ்கோப்பிக் ஷொக். பின்னால் இதை மாற்றுவது எளிது, பலனும் முதல் நாளே தெரியும். ஒரு எச்சரிக்கை: மேல் முனையை மெல்லிய தகட்டில் வெறுமனே பூட்டினால் தகடு கிழியும், உள்ளே வலுவான தகடு வைத்துப் பூட்ட வேண்டும். நீளமும் முக்கியம். கார் தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது ஷொக்கின் தண்டு ஏறக்குறையப் பாதி வழியில் இருக்க வேண்டும். தாழ்த்திய காருக்குப் பழைய நீளத்தையே வாங்கினால் ஸ்பிரிங்குக்கு முன் ஷொக் அடியில் முட்டும். முன்பக்கம் வேறு கதை. அங்கே லீவர் ஷொக்கின் கையே சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கை. அதைக் கழற்றி எறிய முடியாது. டெலஸ்கோப்பிக் போட்டாலும் பழையது இடத்தில் இருந்தே ஆகவேண்டும். அதனால் முன்னால் லீவர் ஷொக்கைச் சீரமைத்து, பின்னால் மட்டும் எண்ணெய் டெலஸ்கோப்பிக் போட்டேன். இந்த இலேசான காருக்குக் வாயு நிரப்பிய கடினமான கேஸ் ஷொக் அதிகப்படி.

ரிம் பற்றிச் சுருக்கமாக. மைனரின் 14 அங்குல ரிம்முக்குப் போடும் 155/80 ஆர் 14 டயரின் விட்டம் சுமார் 604 மில்லிமீற்றர். 13 அங்குல ரிம்முக்கான 165/70 ஆர் 13 சுமார் 561. கியர் ஏழு வீதம் தாழ்ந்ததுபோல் ஆவதால் மச்சானின் கார் மூன்றாம் கியரில் ஏற்றத்தை இலகுவாக இழுக்கிறது. அது நல்ல இலாபம். ஆனால் கட்டை உடலை மட்டும்தான் தாழ்த்தும், சின்ன ரிம்மோ அக்சிலின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷலையும் சேர்த்து இருபது மில்லிமீற்றருக்குமேல் இறக்கிவிடும். நடுவில் கல் மேடிட்ட தோட்டத்துப் பாதையில் முதலில் இடிபடுவது அதுதான்.

இன்னொன்று, ஜப்பான் கார்களின், துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர் உள்ள நான்கு துளை அலோய் ரிம் மைனருக்கு "ஏறும்" என்பார்கள். மைனரின் அளவு 101.6. நட் சாய்ந்து இறுகும், சில நாளில் தளரும். அதைப் போடவே கூடாது.

அடுத்த மாதம் மச்சானின் கட்டையை ஒரு அங்குலத்துக்கு மாற்றி, பின்னால் என்னுடையதைப் போன்ற ஷொக்கைப் போடப் போகிறோம். 13 அங்குல ரிம்மை மட்டும் அவர் விடமாட்டேன் என்கிறார். ஏற்றத்தில் அவருடைய கார் என்னை முந்துவதைப் பார்த்தபின் நானும் வற்புறுத்தவில்லை.