ஏடிபி நம்பரா, சுமோ பட்டமா? டென்னிஸ் ஆளுங்களை பன்சுகேல ஏத்திப் பார்த்தா

டென்னிஸ்ல ஒருத்தர் எவ்ளோ பெரிய ஆளுன்னு கேட்டா கைல இருக்கறது ஏடிபி, அதாவது ஆண்கள் டென்னிஸ் சங்கம் தர்ற ஒரே ஒரு நம்பர்தான், கடைசி 52 வாரத்துல சேர்த்த பாயின்ட். ஸ்லாம், அதாவது வருஷத்துல நடக்கற நாலு பெரிய போட்டில ஒண்ணை ஜெயிச்சா 2000, அடுத்த படில இருக்கற மாஸ்டர்ஸ்னா 1000, வருஷம் திரும்பினா அதெல்லாம் கழண்டு போயிடும். ஜப்பான் மல்யுத்தமான சுமோல நம்பர் கிடையாது, பட்டம். உச்சில யோகோசுனா, அப்புறம் ஓசெகி, செகிவாகே, கோமுசுபி, அதுக்குக் கீழ மயேகஷிரா, மொத்தம் 42 பேர்தான் முதல் டிவிஷன்ல. வருஷத்துக்கு 6 போட்டி, ஒவ்வொண்ணும் 15 நாள், நாளுக்கு ஒரு மோதல், 8 ஜெயிச்சா பொதுவா ஏத்தம், 7னா இறக்கம். இந்த வரிசையை ஒரு பெரிய தாள்ல கையால எழுதறாங்க, அதுக்குப் பேர்தான் பன்சுகே. மேல யோகோசுனா பேரு தடித்தடியா இருக்கும், கீழ போகப் போக எழுத்து மெலிஞ்சு கடைசி வரிசை நூல் மாதிரி ஆயிடும், லென்ஸ் இல்லாம படிக்க முடியாது.

யோகோசுனா ஆகணும்னா ஓசெகியா இருந்துக்கிட்டே வரிசையா ரெண்டு போட்டில கப் ஜெயிக்கணும், இல்ல அதுக்குச் சமமா ஏதாவது பண்ணணும். இதை அப்படியே ஸ்லாமுக்கு வச்சுப் பாருங்க. மார்செலோ ரியோஸ் 1998ல நம்பர் ஒன், ஆனா ஒரு ஸ்லாம் கூட இல்ல, பன்சுகேல அவர் ஓசெகியோட நின்னுடுவார். வாவ்ரிங்கா 3 ஸ்லாம் ஜெயிச்சும் தொடர்ச்சியா ரெண்டு இல்ல, அவரும் ஓசெகி. டேவிட் ஃபெரர்தான் அச்சு அசல் ஓசெகி, 2012 ஆஸ்திரேலியன் ஓபன்ல ஆரம்பிச்சு வரிசையா 10 ஸ்லாம்ல குவார்ட்டர் ஃபைனல், ஆனா கப் மட்டும் கைக்கு வரல. இந்த மூணு பேர் விஷயத்துலயும் நான் சுமோ பக்கம்தான்.

இன்னொண்ணு, யோகோசுனா ஒரே நேரத்துல எத்தனை பேர் வேணா இருக்கலாம். 2011 யூஎஸ் ஓபன் முடிஞ்சப்போ ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூணு பேருமே யோகோசுனா. மர்ரே 2012 யூஎஸ் ஓபன் ஜெயிச்சு அடுத்த ஆஸ்திரேலியன் ஓபன்ல ரன்னர் அப், ‘சமமா’ங்கற கணக்குல 2013லயே அவருக்கு யோகோசுனா இடுப்புல கட்டற கயிறைக் கட்டி விட்டிருப்பாங்க. ஏடிபி அவரை நம்பர் ஒன் ஆக்க 2016 நவம்பர் ஆச்சு! அந்த நாலு பேர் காலத்தை பாயின்ட் லிஸ்ட்டை விட பன்சுகே ரொம்ப சரியா காட்டும்.

தோக்கடிச்சவனுக்கு கிடைக்கற மரியாதையும் வேற. மயேகஷிரா ஒருத்தன் யோகோசுனாவை சாய்ச்சா அதுக்கு கின்போஷின்னு பேரு, அதுக்கான பணம் அதுக்கப்புறம் ஒவ்வொரு போட்டிக்கும் வந்துக்கிட்டே இருக்கும். 2012 விம்பிள்டன்ல நடாலை ரெண்டாவது ரவுண்டுல அடிச்ச ரோசோலுக்கு அந்த ரவுண்டு பாயின்ட் மட்டும்தான். ஆனா ஒண்ணு, ரோசோல் அப்போ 100வது ரேங்க். சுமோல 100வது ஆளுன்னா மூணாவது டிவிஷன், மக்குஷிதா, மாச சம்பளம் கூட கிடையாது, யோகோசுனாவோட மோதவே விடமாட்டாங்க. ஸ்லாம்ல ஆடற 128 பேர்ல யாரு வேணா யாரையும் சந்திக்கலாம்ங்கற டென்னிஸ் வழக்கத்தை நான் எதுக்காகவும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

இறக்கம்தான் பெரிய விஷயம். யோகோசுனாவை கீழ இறக்கவே முடியாது. 2018 ஜூன்ல ஜோகோவிச் முழங்கை ஆபரேஷனுக்கு அப்புறம் 22க்கு போயிட்டார், அடுத்த மாசமே விம்பிள்டன் அவருக்கு, அங்க நம்பர்தான் தப்பு. செரீனா குழந்தை பெத்துட்டு வந்தப்போ 2018 ஃப்ரெஞ்ச் ஓபன்ல சீடிங் (முன்னணி ஆட்டக்காரங்க ஆரம்பத்துலயே மோதாம இருக்கத் தர்ற இடம்) கூட தரல, அதை நினைச்சா இன்னும் கோவம் வருது.

ஆனா இறக்க முடியாதுன்னா என்ன அர்த்தம், சரியா ஆட முடியலன்னா விலகிடணும். கிசேனோசாதோ 2017 ஜனவரில 72வது யோகோசுனா ஆனார், ஜப்பான்ல பொறந்தவர் ஒருத்தர் அந்த இடத்துக்கு வர 19 வருஷம் ஆச்சு. மார்ச்லயே இடது தோள் பக்கம் அடி, அப்புறம் வரிசையா 8 போட்டி முழுசா ஆட முடியல. 2019 ஜனவரில முதல் மூணு நாளும் தோல்வி, 32 வயசுல அழுதுக்கிட்டே விலகினார். அதே மாசம் மெல்போர்ன்ல இடுப்பு வலியோட மர்ரே பேட்டி குடுக்கும்போதே அழுது வெளிய எழுந்து போனார். 2018லயே 839க்கு இறங்கிட்டவர் அவர், சுமோல மொத்தமே சுமார் 600 பேர்தான், பன்சுகேல அந்த இடமே கிடையாது. ஆனா அவரை யாரும் போன்னு சொல்லல. இடுப்புல உலோகம் வச்சுக்கிட்டு திரும்ப வந்தார்.

அதனால ஓசெகி வரைக்கும் உள்ள விதியை டென்னிஸ் எடுத்துக்கலாம்னு தோணுது. ஓசெகி ஒரு போட்டில 8 ஜெயிக்காம சொதப்பினா கடோபான், அதாவது எச்சரிக்கை, அடுத்ததும் சொதப்பினாதான் பட்டம் போகும். போனாலும் உடனே அடுத்த போட்டில 10 ஜெயிச்சா திரும்ப வாங்கிக்கலாம். தெருனோஃபுஜி ஓசெகிலேர்ந்து அஞ்சாவது டிவிஷன் வரைக்கும் விழுந்து, அங்கேர்ந்து ஏறி 2021ல யோகோசுனா ஆனாரே, கீழேர்ந்து ஏறி வர்ற பாதை திறந்து இருந்ததாலதான். யோகோசுனா விதி மட்டும் வேண்டாம். அது இருந்திருந்தா 2019 அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல வாவ்ரிங்காவை ஃபைனல்ல ஜெயிச்சுட்டு நாற்காலில உக்காந்து அழுத மர்ரேவை நாம பார்த்திருக்கவே மாட்டோம்.